நனைந்த நடுச்சுவர்

காலை வெயில் எதிர்மலையைத் தாண்டி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கூரையில் விழுந்த சற்று நேரத்தில் தகரம் சத்தம் போடத் தொடங்கும். முதலில் மூலையில் ஒரு "டக்", பிறகு நடுவில் ஒன்று, அப்புறம் யாரோ விரல்களை நெட்டி முறிப்பதுபோல வரிசை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக. இரவுக் குளிரில் சுருங்கிக் கிடந்த தகரம் சூடேறி விரிகிற சத்தம் அது என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தேன். லயத்தில் அதற்கு "கூரை முறிக்குது" என்று பெயர். கூரை முறிக்கத் தொடங்கினால் அன்றைக்கு மத்தியானம் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்குள் மனிதர் இருக்க முடியாது என்று அர்த்தம். இருக்க முடிகிறவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். எழுந்து போக முடியாத ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

மலைநாட்டில் வெயிலா என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பங்குனி, சித்திரை வந்தால் கொழும்பிலிருந்து வேன் வேனாகக் குளிர் பார்க்க வருவார்கள். நுவரெலியாவில் "சீசன்" என்பார்கள். போகிற வழியில் ரோட்டோரம் நிறுத்தி, கொழுந்து எடுக்கிற பெண்களையும் தூரத்தில் தெரிகிற லயத்தையும் படம் பிடித்துக்கொண்டு, என்ன குளுகுளுப்பான வாழ்க்கை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரோட்டில் நின்றால் குளுகுளுப்புத்தான், அதில் பொய் இல்லை. தகரத்துக்குக் கீழே வந்து ஒரு மத்தியானம் படுத்துப் பார்த்திருந்தால் அந்தப் படத்தை வேறு மாதிரி எடுத்திருப்பார்கள். எனக்கு இப்போதும் அந்த வேன்களைக் கண்டால் காரணமில்லாமல் கோபம் வருகிறது. அவர்கள் மேல் தப்பொன்றும் இல்லை என்று தெரிந்துதான் வருகிறது.

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே ஏறுகிற பாதையில் இருந்தது. நாங்கள் இருந்த லயம், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம். அதாவது முன்பக்கம் பார்த்து ஒரு வரிசை வீடு, பின்பக்கம் பார்த்து ஒரு வரிசை வீடு, இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆளுக்கொரு காம்பரா, அதற்கு முன்னால் "இஸ்தோப்பு" என்கிற ஒடுக்கமான தாழ்வாரம், அதிலேதான் அடுப்பு. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், பின்னால் நடுச்சுவர். வாசல் ஒன்றைத் தவிர வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வேறு வழி கிடையாது. இதைக் கட்டியவர்கள் குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று நினைத்துக் கட்டினார்களாம். அவர்கள் நினைத்தது மனிதர்களையா தேயிலையையா என்று அப்பா கேட்பார்.

என் அப்பா சூசை, தோட்டத்தில் மரம் வெட்டுகிற வேலை செய்தவர். தேயிலைக்கு நிழல் கொடுக்கிற, எங்கள் பக்கத்தில் சவுக்கு என்று சொல்கிற மரங்களில் ஏறி, நிழல் மிஞ்சிப் போகாமல் கொப்புகளைக் கழித்துவிட வேண்டும். ஒரு தை மாதம் அப்படிக் கழிக்கும்போது கால் வைத்திருந்த கொப்பு முறிந்து விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது; இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. மலையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் வேலு மாமாவும் ஒருவர். வேலு மாமாவின் வீடு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம். அவரும் அப்பாவும் வேறு வேறு தொழிற்சங்கம். பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் அப்பா வேலைக்குப் போகாமல் நிற்க, மாமா வேலைக்குப் போக, அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கும் மாமா ஒரு வார்த்தை பேசாமல்தான் அப்பாவின் தலைப்பக்கத்தைத் தோளில் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இனி இவருக்குப் பயம் முதுகுப் புண்தான் அம்மா. காத்தோட்டமான அறையில கிடத்துங்கோ. முதுகு வேர்க்க விடாதேங்கோ. வேர்த்துப் புழுங்கினா புண் ஆழமாப் போகும், பிறகு எங்களாலயும் ஏலாது." அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காத்தோட்டமான அறை என்று அவர் சொன்னபோது எங்கள் காம்பராவை நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவராகப் பேசுகிற மனிதரிடம் எங்கள் வீட்டில் ஜன்னல் கிடையாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்ததாம்.

அந்தப் பருவம் முழுவதும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போவாள். பகல் சாப்பாட்டுக்கு ஓடி வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடுவாள். மற்ற நேரமெல்லாம் அப்பாவும் நானும். அவரை இஸ்தோப்பில் போட்டிருக்கலாமே என்று தோன்றும். முதலில் போட்டுத்தான் பார்த்தார்கள். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் புண் கிழிந்தது, ஈ மொய்த்தது, அடுப்புப் புகை வேறு. கடைசியில் அவரைக் காம்பராவின் உள்மூலையில், நடுச்சுவரை ஒட்டி, பலகைக் கட்டிலில் அசைக்காமல் கிடத்தினார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் காம்பராவோடு சண்டைக்கு நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். பகலில் அடுப்பு மூட்டுவதை விட்டாள். இருட்டோடு ரொட்டியும் சம்பலும் செய்து வைத்துவிட்டால் நாள் முழுவதும் அதுதான். அடுப்புக்கல்லையே தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். மானாப் புல்லை அறுத்து வந்து கூரைமேல் தடிமனாகப் பரப்பினாள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்து வாச்சர் பார்த்துவிட்டு, தீப்பிடித்தால் லயமே போகும் என்று கத்தி எல்லாவற்றையும் இழுத்துப் போடவைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறகு பூசணி விதை ஊன்றினாள், கொடி கூரைக்கு ஏறட்டும் என்று. மழை இல்லாமல் அது வாசற்படி உயரத்தில் நின்றுவிட்டது. வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். அது காய்வதற்குள் மறுபடி நனைப்பதுதான் என் வேலை. வாசலுக்குப் பக்கத்தில் அந்தச் சாக்கால் ஒரு குளிர்ச்சி இருக்கும்; உள்மூலை வரை அது வராது. காற்று போவதற்கு வழி இல்லாத இடத்தில் வருவதற்கும் வழி இல்லை என்று அப்பா மல்லாந்து படுத்தபடி சொல்லிக்கொண்டிருப்பார்.

சங்கத்து ஆட்கள் ஒரு பழைய மேசை விசிறி கொண்டுவந்து கொடுத்தார்கள். லயத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்து கொஞ்ச காலம். பத்து வீட்டுக்கும் ஒரு வயரில் இழுத்தது. யாராவது இஸ்திரிப்பெட்டி போட்டால் பல்பு மங்கும். அம்மா விசிறியை உச்சி வெயிலுக்கென்று எடுத்து வைத்தாள். காலையில் நான் ஆசைக்குச் சுவிட்சைத் தொட்டால் அடி விழும். "ஒனக்குக் காலு இருக்கு, நெழலுக்குப் போ. அவருக்கு மட்டுந்தான் கரண்டு," என்பாள். ஆனால் அந்த வருடம் வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றி, அடியில் முழுகிக் கிடந்த பழைய கோயில் கூடத் தலைகாட்டியது. நாடு முழுவதும் மின்வெட்டு. எங்களுக்கு வெட்டிய நேரம் சரியாக உச்சி வெயில். தோட்டத்துக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கிடந்த தண்ணீரிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்வெட்டு இல்லாத நேரத்திலும் அந்த விசிறி சூட்டைக் கலக்கிவிட்டதே ஒழியக் குறைக்கவில்லை. அப்பாவின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது.

அம்மா கண்டாக்கையாவிடம் போனாள். வெளிவேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர். துரைக்கு அடுத்தபடி எங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர். அவர் ஒருநாள் வந்து, குனிந்து காம்பராவுக்குள் நுழைந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். "ஜன்னலு எங்கிட்டு வைக்கிறது சொல்லு? இங்கிட்டு ஒடைச்சா ராமு வீடு, அங்கிட்டு ஒடைச்சா பவுலு வீடு, பின்னால வேலு வீடு," என்றார். "தோட்டத்துச் செவருல ஒரு ஆணி அடிக்கிறதுக்கும் நான் எழுதித்தான் கேக்கணும். எழுதுறேன். நீ எதுக்கும் அவசரப்பட்டு ஒண்ணும் பண்ணிராத." எழுதினாரோ இல்லையோ தெரியாது. போகும்போது அப்பாவிடம், "சூச, மழ வந்தா எல்லாம் சரியாயிரும்," என்றார். அம்மா அன்றைக்கு ராத்திரிச் செபத்தில், இந்த வருடம் தவக்காலம் நம்ம காம்பராவுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டது என்று மாதாவிடம் முறையிட்டாள். முறையிட்டாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்பதுதான் சரி.

இதெல்லாம் நாங்கள் எங்கள் காம்பராவுக்குள் பேசியது. நடுச்சுவர் செங்கல்லும் களிமண்ணுமாக வைத்து மேலே சுண்ணாம்பு பூசிய சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்கள் ஒருவர் வீட்டுச் சங்கதியை ஒருவர் தினமும் கேட்டுக்கொண்டு வாழ்ந்தோம்.

கண்டாக்கையா வந்துபோன மறுநாள் மத்தியானம். கூரை முறித்து ஓய்ந்து, காம்பரா கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் "சளார்" என்று தண்ணீர் அடிக்கிற சத்தம். அப்புறம் இன்னொரு சளார். யாரோ வீட்டுக்குள் குளிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. மெல்லப் பரவிக் கட்டில் நீளத்துக்கு வந்தது. அப்பா கையை நீட்டிச் சுவரில் வைத்தார். பிறகு புறங்கையை, பிறகு கன்னத்தை. "இங்க வா," என்று என் கையையும் பிடித்து வைத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது. அம்மா வந்ததும் அவரைச் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டிச் சரித்துப் படுக்கவைத்தோம். அன்றைக்குப் பகலில் அவர் தூங்கினார். விழுந்த நாளுக்குப் பிறகு பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் அடித்தது வேலு மாமாவின் பெஞ்சாதி பாக்கியம் அத்தை. அவளும் கொழுந்துக்குப் போகிறவள்தான். பகல் சாப்பாட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், தன் வீட்டுச் சுவரில் தன் வீட்டுத் தண்ணீரை வாளியால் அடித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்ததும் இன்னொரு தடவை. நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வறட்சியில் லயத்துப் பீலியில் நூலாகத்தான் தண்ணீர் விழும். குடம் நிறைய வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கீழே ஆற்றுக்கு இறங்க வேண்டும். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரைச் சுவருக்கு ஊற்றினாள்.

அம்மா நன்றி சொல்லப் போகவில்லை. ஆம்பிளைகள் பேசிக்கொள்ளாதபோது பெண்கள் போய்ப் பேசினால் அது ஒரு கதையாகும். அதற்குப் பதில் விடியற்காலையில் பீலிக்கு முதல் ஆளாகப் போய் ஒரு கேன் தண்ணீர் பிடித்து என்னிடம் கொடுப்பாள். நான் லயத்தைச் சுற்றிப் போய் அத்தையின் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் வெறுங்கேன் எங்கள் படியில் இருக்கும். ஒரு தடவை அதற்குள் நாலு பச்சை மிளகாயும் ஒரு கறிவேப்பிலைக் கொப்பும் இருந்தன. இப்படியே பங்குனி போயிற்று. புண்ணின் ஓரங்கள் சிவந்து வந்தன. சிவப்பு நல்லது, கறுப்புத்தான் கூடாது என்று மருந்துக் காம்பராவில் சொன்னார்கள். எனக்கு அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்றே தோன்றியது. அம்மாவுக்கு அப்படித் தோன்றியிருக்காது. ஆனால் அவள் கூந்தலைச் சீவி முடிந்துகொண்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் என்று நினைக்கிறேன். அப்பா திடீரென்று, "எனக்குக் குளிருது. கட்டில இந்தச் செவத்த விட்டு அங்கிட்டு தள்ளுங்க," என்றார். வெளியே தார் உருகுகிற வெயில். அம்மா பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. "குளிருதுன்னா குளிருதுதான். கம்பளியக் குடு," என்று பிடிவாதமாகச் சொன்னார். கட்டிலை இழுத்து நடுவில் போட்டோம். மழையில் கொழுந்து எடுக்கும்போது போர்த்துகிற கறுப்புக் கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். நான் விசிறப் போனால் வேண்டாம் என்றார். மறுநாள் அம்மா புண்ணைத் துடைக்கக் கம்பளியை விலக்கினாள். முதுகு முழுவதும் வேர்வை, கட்டுத்துணி நனைந்து, புண் ஊறிப்போய் நாற்றம் எடுத்திருந்தது.

"குளுருற மனுசனுக்கு எங்கிருந்துய்யா இம்புட்டு வேர்வ?" என்று அம்மா சத்தம் போட்டாள். "பொய்யா சொல்ற? யாருக்காக இந்தப் பொய்யி?"

அப்பா குரலை இறக்கி, சுவருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அந்தப் பக்கம் புள்ள இழுக்குது. நாலஞ்சு நாளா. நான் செவத்துல காத வச்சுத்தான கெடக்கேன், எனக்குக் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கல."

அத்தையின் மகள் கலாவுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். பகலில் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கி வருவார்கள். வந்தபின் அவளுக்குப் பாய் போடுகிற இடம் அடுப்பை விட்டுத் தள்ளி, நடுச்சுவர் ஓரம். நனைந்து நனைந்து அந்தப் பக்கச் சுவரில் பூஞ்சணம் கட்டியிருக்கிறது; மண் தரை ஊறிக் கிடந்திருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்த இழுப்பு அதிலே கூடிவிட்டது. அம்மா நடுச்சுவரில் காதை வைத்தாள். நானும் வைத்தேன். ஓட்டைக் குழலில் ஊதுவதுபோல ஒரு சத்தம், நடுவில் இருமல், மறுபடியும் அந்தச் சத்தம். சுவர் சில்லென்று சுகமாக இருந்தது. எனக்குக் காதை எடுக்க மனம் வரவில்லை. அம்மா என்னைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கள் வீட்டிலிருந்து அத்தையின் வீட்டுக்குச் சுவரின் தடிமன்தான் தூரம்; போவதென்றால் லயத்தின் கோடி வரை நடந்து, கானைத் தாண்டி, மறுபக்கம் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். வழி நெடுகப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். வேலு மாமா இஸ்தோப்பில் குந்தி கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அத்தை பிள்ளையை நெஞ்சில் சாத்தி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், இனி தண்ணி ஊத்தாத," என்றாள் அம்மா.

அத்தை திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஏன்க்கா, பத்தலியா?"

அந்தக் கேள்வியை அம்மா எதிர்பார்க்கவில்லை. "பத்துது. புள்ளைக்குத்தான் ஆகல."

"இது பனிக்கு வர்ற இழுப்புக்கா. வருசா வருசம் வரும். தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." சொல்லிக்கொண்டே அத்தை பிள்ளையின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும் என்று எனக்கே தெரிந்தது.

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் நிப்பாட்டச் சொல்லலீங்க," என்றார் அம்மாவைப் பார்த்து. "எம் புள்ளதான், எனக்குக் கேக்காம இல்ல. ஆனா அவரு கெடக்குற கெடைக்கு நான் எந்த வாயால சொல்றது."

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் அவரு முந்திக்கிட்டாரு," என்றாள் அம்மா. "நேத்துலேருந்து கம்பளியப் போத்திக்கிட்டு, குளுருதுன்னு பொய் சொல்லிக்கிட்டு கெடக்காரு. நீ நிப்பாட்டலன்னா கம்பளிய எடுக்க மாட்டாரு பாக்கியம். அது இன்னும் மோசம்."

அத்தை பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய், சுவர் ஓரம் கிடந்த பாயைச் சுருட்டி இஸ்தோப்பில் கொண்டுவந்து போட்டாள். அம்மா குனிந்து பாயின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். கறுத்து, ஈரமாக இருந்தது. நாங்கள் திரும்பி வரும்போது மாமா கானைத் தாண்டும் இடம் வரைக்கும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்பது நினைவில் இல்லை.

அதற்கப்புறம் சுவர் காய்ந்தது. கறுத்துக் கிடந்த இடம் ஓரத்திலிருந்து வெளுத்து வந்து, ஒருநாள் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அப்பா கம்பளியை எடுத்துவிடச் சொன்னார். நாங்கள் ஈரத்துணியை முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தோம், வாழை இலை விரித்தோம், நானும் மாமாவும் மாறி மாறி விசிறினோம். எதுவும் அந்தச் சுவர் செய்ததைச் செய்யவில்லை. சித்திரை முடிவதற்குள் புண் எலும்பு வரை போய்விட்டது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் ஏற்றும்போது அப்பா சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக ஓடி விளையாடுகிறாள் என்று அத்தை சொன்னாள். அது உண்மைதான். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. மழை அந்த வருடம் பிந்தி வந்தது.

இதைப் பிறருக்குச் சொன்னால் அந்தக் காலத்து லயத்து ஒற்றுமையைப் பற்றி நெகிழ்ந்து பேசுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஜன்னல் இருந்திருந்தால் யாரும் யாருக்காகவும் இப்படி நெகிழ வேண்டியிருந்திருக்காது. ஒரு குடும்பத்து நோயாளியின் முதுகையும் இன்னொரு குடும்பத்துப் பிள்ளையின் நெஞ்சையும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் வைத்து, இதில் எது வேண்டும் பார் என்று இரண்டு ஏழைப் பெண்களைக் கேட்ட கட்டடம் அது. அதில் அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள் என்பது கட்டடத்துக்குப் பெருமை இல்லை.

இப்போது நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அம்மாவும் நானும் தனி வீட்டில் இருக்கிறோம். சரிவில் கல் அடுக்கி எழுப்பிய சின்ன வீடு, ஆனால் நாலு பக்கமும் எங்கள் சுவர், எதிரும் புதிருமாக ஜன்னல்கள். விடியும்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் குளிர் காற்றை உள்ளே நிரப்புவோம். வெயில் ஏறும்போது கிழக்குப் பக்கத்தைச் சாத்தித் துணி போடுவோம். சாயங்காலம் மறுபடியும் திறப்போம். மின்விசிறி ஒன்று இருக்கிறது, வருடத்தில் சில நாள்தான் அதற்கு வேலை. ஹட்டன் கடைகளில் இப்போது விசிறிகளை வாசலில் அடுக்கி வைத்து விற்கிறார்கள், முன்பு அதை யாரும் தேடியதில்லை. வெயில் கூடிக்கொண்டுதான் போகிறது. பழைய லயத்தில் முன்வரிசை ஒரு மழைக்கு இடிந்து, எங்கள் காம்பரா இருந்த இடத்தில் கல்லும் தகரமும் கிடக்கின்றன, நடுச்சுவரும் இல்லை. பின்வரிசையின் மிச்சத்தில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதே தகரத்துக்குக் கீழே. மறைந்துபோனவர்கள் என்று நான் சொல்ல வேண்டியவர்கள் அப்பாவும், பாக்கியம் அத்தையும், வேலு மாமாவும். மறைந்துபோயிருக்க வேண்டியது மறையவில்லை.

போன பங்குனியில் கலா வந்திருந்தாள். நோர்வூட்டில் கட்டிக்கொடுத்தார்கள்; மகனுக்குக் காது குத்துகிறார்கள் என்று சொல்ல வந்தாள். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி ஏற வேண்டும். வாசலில் வந்து நின்றபோது அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நாற்காலியில் இருந்த அம்மா, பேச வந்த என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இழுப்பா புள்ள?" என்றாள்.

"அய்யோ இல்லங்க அத்தை, ஏத்தம் ஏறுனதுதான்," என்று கலா சிரித்தாள். "சின்னதுல இருந்துச்சாம். அம்மா இருந்தப்ப சொல்லும். எனக்கு அதெல்லாம் நெனவே இல்ல."

தேத்தண்ணி குடித்து, கதை பேசி, வெயில் தாழ்ந்தபின் இறங்கிப் போனாள். அவளுடைய அம்மா அவளிடம் அந்தச் சுவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. அவளுக்கு ஒரு நாளாவது சொல்ல வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்குச் சொல்ல வேண்டும் என்றே இருந்தது, அப்பாவுக்காக. அம்மா ஜன்னல் வழியாக அவள் படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எதுக்கு? மூச்சு விடும்போதெல்லாம் ஒங்கப்பன நெனைக்கிறதுக்கா? அவ பாட்டுக்கு விடட்டும்."